கையால் வரைந்த மண்பாண்டம்: கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள், அளவாகத் துடையுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகளின் ஷோகேஸில் பித்தளைச் சாமான்களுக்கு நடுவே இரண்டு மூன்று மண்பாண்டங்களும் நிற்கும். இந்த நாட்டின் சூலு மக்கள் செய்யும் வயிறு பெருத்த கறுப்புப் பானை, சேவலோ வரிக்குதிரையோ வரைந்த கிண்ணம், யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த பூ ஜாடி. இவற்றில் எது கையால் வரைந்தது, எது அச்சுப் படம் ஒட்டியது, எதைக் கழுவலாம், எதில் ஈரத்துணி படவே கூடாது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். புதிதாக வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கும், ஆயா காலத்துப் பாண்டம் கைக்கு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

அடையாளம் காண்பது ஒரு வேலை, பராமரிப்பது வேறொரு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். நிறம் அந்த மண்ணில் எப்படிப் பிடித்து நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், பராமரிப்பில் முக்கால்வாசி முடிந்த மாதிரி. அது தெரியாமல் தேய்ப்பதால்தான் நல்ல பாண்டங்கள் பாழாகின்றன.

முதலில் அடி

கடையில் எல்லோரும் படத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்து, மூடி இருந்தால் அதைத் தனியே எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றுப் பகுதியைத் தாங்கித் திருப்புங்கள். காதையோ விளிம்பையோ பிடித்துத் தூக்க வேண்டாம். பழைய பாண்டத்தில் முதலில் விட்டுப்போவது அந்த இடங்கள்தான்.

அடியில் கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சு படாத ஒரு வளையம் பெரும்பாலும் இருக்கும். மண்ணின் உண்மையான நிறம் அங்கேதான் தெரியும். செங்கல் நிறமாகவோ வெளிர்ந்தோ, தடவினால் சற்று மாவு மாவாகவோ இருந்தால் குறைந்த சூட்டில் சுட்ட மண். சாம்பலோ பழுப்போ நிறத்தில் இறுகிக் கெட்டியாக இருந்தால் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்ட ஸ்டோன்வேர். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அந்த வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சாதாரண சுடுமண் உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டோன்வேரில் சொட்டு அப்படியே நிற்கும். உறிஞ்சும் பாண்டத்தை நாளைக்குத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது என்பதும் அந்த ஒரு சொட்டிலேயே தெரிந்துவிடுகிறது.

அப்புறம் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். சக்கரத்தில் வைத்து வனைந்ததென்றால் சுற்று வரிகள் படிப்படியாக ஏறிப்போகும். மண்ணைத் திரியாக உருட்டி அடுக்கிச் செய்ததென்றால் மெல்லிய மேடு பள்ளம் விரலில் படும், வாயும் முழு வட்டமாக இருக்காது. அச்சில் வார்த்ததென்றால் சுவர் எங்கும் ஒரே தடிமனாக இருக்கும், பக்கவாட்டில் இரண்டு பாதி சேர்ந்த தடம் தெரியலாம். வார்த்த பாண்டத்திலும் கையால் வரையலாம், அதில் தவறில்லை. கையால் வனைந்ததற்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினால் ஸ்டோன்வேர் கணீரென்று ஒலிக்கும். வெடிப்பு இருந்தால் ஓசை உடைந்து கேட்கும். திறந்த நெருப்பில் சுட்ட சூலு பானை இயல்பாகவே மந்தமாகத்தான் ஒலிக்கும், அதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

தூரிகையா, ஒட்டுப்படமா

கைபேசிக் கேமராவை நன்றாக நெருக்கி வைத்து ஒரு கோட்டை மட்டும் பாருங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. தூரிகை இறங்கிய இடத்தில் சாயம் குவிந்து அடர்ந்திருக்கும். கோடு ஓட ஓட நிறம் வெளிறும். கை தூக்கிய இடத்தில் நுனி மயிர் மயிராகப் பிரிந்து முடியும். ஒரு கோட்டின் மேல் இன்னொன்று ஏறினால் அந்தச் சந்திப்பு மட்டும் கருத்துத் தெரியும். ஒட்டுப்படத்தில் இது எதுவும் இருக்காது. நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடையும், அல்லது எங்கும் ஒரே அடர்த்தியில் தட்டையாகக் கிடக்கும். வளைந்த இடங்களில் படம் சுருங்கியோ மடிந்தோ இருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் படத்தைச் சுற்றி மெல்லிய படலத்தின் ஓரம் பளிச்சிடும்.

இதைவிட எளிய சோதனையும் உண்டு. ஒரே பூ இரண்டு இடத்தில் வந்திருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். வாசலில் தினம் கோலம் போடுகிறவர்கூட ஒரே கோலத்தை இரண்டு நாள் அச்சாகப் போடமாட்டார். இரண்டு பூவிலும் அதே இதழில் அதே பிசிறு இருந்தால் அது கைவேலை அல்ல. வெளிக்கோட்டை மட்டும் அச்சடித்து உள்ளே கையால் நிறம் நிரப்பிய பாண்டங்களும் நிறைய வருகின்றன. ‘கையால் வரைந்தது’ என்று அதன் அடியில் எழுதியிருப்பது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

நிறம் எங்கே நிற்கிறது

நிறம் மூன்று இடங்களில் நிற்கலாம்.

கிளேஸுக்கு அடியில் இருந்தால், வரைந்த பிறகு மேலே கிளேஸ் பூசிச் சுட்டிருக்கிறார்கள். நகத்தால் தடவினால் நிறம் உள்ள இடமும் இல்லாத இடமும் ஒரே வழவழப்பாக இருக்கும். இதுதான் அதிகம் தாங்கும்.

கிளேஸுக்கு மேலே இருந்தால், முதலில் கிளேஸ் போட்டுச் சுட்டு, அதன்மேல் வரைந்து, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டிருக்கிறார்கள். நகத்தில் லேசான மேடு தட்டும். சாய்ந்த வெளிச்சத்தில் நிறம் உள்ள இடம் மட்டும் பளபளப்பில் மாறுபடும். தங்க விளிம்பு இந்த வகைதான். தேய்க்கத் தேய்க்கப் போய்விடும்.

மூன்றாவது, சூளைக்கே போகாத நிறம். சுட்டு முடித்த மண்ணின் மேல் அக்ரிலிக்கோ எனாமலோ பூசுவது. அடிப்பக்கம், கண்ணில் படாத ஒரு மூலையில், ஈரமான பஞ்சுக்குச்சியை ஒரே ஒரு தடவை ஒற்றிப் பாருங்கள். நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் சந்தேகமே இல்லை. வராவிட்டாலும், தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருந்து, கீறல் விழுந்த இடத்தில் வெறும் மண் நிறம் தெரிந்தால் இந்த வகைதான். அசிட்டோன் போட்டுச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சோதனை முடியும்போது படமும் முடிந்திருக்கும்.

சூளைக்குப் போகாத பெயின்ட் என்றாலே போலி என்று எண்ண வேண்டாம். இந்த நாட்டின் பெயர்பெற்ற ஆர்ட்மோர் பட்டறைக் கலைஞர்களின் தொடக்க கால வேலைகளிலேயே அது உண்டு. துடைக்கும் முறை மட்டும்தான் அதற்கு வேறு.

இந்த நாட்டில் கைக்கு வரும் வகைகள்

சூலு பானைகளை முதலில் சொல்ல வேண்டும், அவை வரைந்தவை அல்ல என்றாலும். பீர் குடிக்கும் உருண்டைப் பானை உக்காம்பா. கழுத்து உள்ளது உபிசோ. காய்ச்சப் பயன்படும் பெரியது இம்பிஸா. மண் திரியை அடுக்கி எழுப்பி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, திறந்த நெருப்பில் சுடுவார்கள். பிறகு புகையில் இன்னொரு முறை சுட்டுக் கறுப்பாக்கி, கொழுப்புத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். இப்போது ஷூ பாலிஷும் பயன்படுகிறது. வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். மேலே வரிசை வரிசையாகப் பருப்பருவாக எழும் அலங்காரம் அமசும்பா. அதை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல பானையில் ஒவ்வொரு பருவும் தனித்தனியாகக் கையில் தட்டும், வரிசை மட்டும் குலையாது. துகேலா பள்ளத்தாக்கைச் சேர்ந்த நெஸ்டா நாலா இதில் பெரிய பெயர். 1940-இல் பிறந்து 2005-இல் மறைந்தார். அவருடைய மகள்களும் இதே தொழிலில் பெயர் எடுத்தவர்கள். பீர்ப் பானை முன்னோர்களான அமட்லோசிக்குப் படைக்கிற பாத்திரமும்தான். படையல் போடும் வீட்டில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதில் மண்ணைக் கொட்டிச் செடி வைக்காதீர்கள்.

ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் பாண்டங்கள் வேறு ரகம். 1879-இல் ஆங்கிலேயருக்கும் சூலுகளுக்கும் சண்டை நடந்த அதே ஊர். சுவீடனிலிருந்து வந்த பேடர், உல்லா கோவேனியஸ் தம்பதி லூத்தரன் திருச்சபையின் ஆதரவில் 1962-இல் தொடங்கிய கலை மையம் அங்கே நிலைபெற்றது. மண்பாண்டப் பட்டறை 1968-இல் வந்தது. இவை ஸ்டோன்வேர். பழுப்பு, காவி, சாம்பல் நிறங்களில் தூரிகை வேலையும், பூச்சைக் கீறி மண்ணை வெளிக்காட்டும் வேலையும் இருக்கும். பெண்கள் திரி அடுக்கிச் செய்தார்கள், ஆண்கள் சக்கரத்தில் வனைந்தார்கள். தைனா மொலெஃபே, கார்டன் ம்பாத்தா போன்ற பெயர்களைச் சேகரிப்பாளர்கள் தேடுவார்கள். அடியில் ஊர்ப்பெயரோ குயவரின் முதலெழுத்துகளோ இருக்கிறதா என்று பாருங்கள்.

‘கையால் வரைந்தது’ என்றவுடன் இங்கே பலருக்கும் ஞாபகம் வருவது ஆர்ட்மோர்தான். டிராகன்ஸ்பர்க் அடிவாரத்துப் பண்ணை ஒன்றில் 1985-இல் ஃபே ஹால்ஸ்டெட் தொடங்கினார். அவரிடம் முதலில் கற்றவர் போனி இன்ட்ஷலின்ட்ஷலி. 1990-இல் ஸ்டாண்டர்ட் பேங்க் இளம் கலைஞர் விருது இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. போனி 1999-இல், முப்பது வயது தாண்டிய சில ஆண்டுகளிலேயே, இறந்துபோனார். சிறுத்தை கைப்பிடியாக ஏறி நிற்கும் ஜாடி, குரங்குகள் தொற்றிய கிண்ணம், இடைவெளியே விடாமல் புள்ளியும் கோடுமாக நிறைத்த நிறம், இவற்றை வைத்துத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம். செதுக்குகிறவர் ஒருவர், வரைகிறவர் இன்னொருவர் என்பதால் அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருப்பது வழக்கம். அந்தப் பாணியைப் பார்த்துச் செய்தவை சந்தையில் ஏராளம். அவற்றில் விலங்கின் முகம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காலுக்கு இடையில், வாலுக்குப் பின்னால், வயிற்றுக்கு அடியில் பாருங்கள். நல்ல வேலையில் அங்கேயும் தூரிகை போயிருக்கும்.

டர்பன் கடற்கரை நடைபாதையிலும் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டிலும் இண்டெபெலே இன மக்களின் வடிவங்கள் தீட்டிய பாண்டங்கள் கிடைக்கும். அந்த வடிவங்கள் வீட்டுச் சுவர்களில் பெண்கள் வரைந்து வளர்த்தவை. அந்த இனத்து ஓவியர் எஸ்தர் மஹ்லங்கு 1991-இல் பிஎம்டபிள்யூ கார் ஒன்றின் மேல் வரைந்தபோது உலகமே பார்த்தது. பாண்டத்துக்கு வரும்போது அது பெரும்பாலும் அக்ரிலிக். விலை குறைவு, வீட்டுக்கு அழகு, தாராளமாக வாங்குங்கள். தண்ணீர் மட்டும் காட்டாதீர்கள்.

நடைபாதையில் விற்கும் வயதான அம்மாவிடம் பேரம் தொடங்குவதற்கு முன் ‘சவுபோனா மா’ என்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, யார் செய்தது, எந்த ஊர் என்று கேளுங்கள். அவரே செய்திருந்தால் பேச்சு நீளும். பெயரையும் ஊரையும் தேதியையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதி, பாண்டத்தின் அடியை ஒரு படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள். பாண்டத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். மெருகேற்றிய மண்ணிலிருந்து அதைப் பிய்க்கும்போது மெருகும் சேர்ந்து வரும்.

சுத்தம் செய்வது

தூசிதான் பிரச்சினை என்றால் மென்மையான, அகலமான தூரிகை போதும். புதிய மேக்கப் பிரஷ் அருமையாக வேலை செய்யும். மேலிருந்து கீழே, ஒரே திசையில். இறகுத் துடைப்பம் வேண்டாம். இறகு ஒடிந்த தண்டு கீறும், காதிலும் வாலிலும் மாட்டும்.

கழுவலாமா என்பதற்கு மேலே பார்த்த சோதனையே பதில். நிறம் கிளேஸுக்கு அடியில் இருக்கிறது, வெடிப்பு இல்லை, ஒட்டிய இடமும் இல்லை என்றால் மட்டும் கழுவுங்கள். சிங்க்கில் வேண்டாம், குழாய் மூக்கில் இடித்து உடைந்த கிண்ணங்களுக்குக் கணக்கில்லை. பிளாஸ்டிக் பேசினில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சன்லைட் லிக்விட் விட்டு, ஒரு தடவைக்கு ஒரு பாண்டம். ஊற விடாமல் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, துண்டின் மேல் கவிழ்த்து நாள் முழுக்க உலர விடுங்கள். டிஷ்வாஷர் பக்கமே போக வேண்டாம்.

கிளேஸுக்கு மேல் வரைந்ததென்றால் லேசாக ஈரமான பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பெயின்ட் பூசியது, மெருகேற்றிய சூலு பானை, பசை போட்டு ஒட்டியது, இவற்றுக்கு உலர்ந்த தூரிகையோ மென்துணியோ தவிர வேறெதுவும் கிடையாது.

கறை போகவில்லை என்று ஜிக் போன்ற பிளீச்சை எடுக்காதீர்கள். அது துளைகளுக்குள் இறங்கி உப்பாகத் தங்கும். உப்பு காய்ந்து படிகமாகும்போது கிளேஸைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். பாத்திரம் தேய்க்கும் கிரீமும் ஸ்டீல் நாரும் அதே கணக்கில் சேரும்.

டர்பன் கோடையின் ஈரப்பதத்தில் கிளேஸ் இல்லாத பானைகளில் சாம்பல் நிறப் பூஞ்சை வரலாம். வெளியே எடுத்துப்போய் உலர்ந்த தூரிகையால் தட்டி, நிழலில் காற்றாட வைத்து, பிறகு சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். வெள்ளைப் பொடியாகப் பூத்தால் அது பூஞ்சை அல்ல, மண்ணுக்குள்ளிருந்து வெளியேறும் உப்பு. அதையும் உலர்ந்தபடியே தட்டி எடுங்கள். நனைத்தால் மறுபடி உள்ளே போய் மறுபடி பூக்கும்.

மஞ்சள், குங்குமம், ஊறுகாய்

நம் வீட்டுக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. பண்டிகையன்று வீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமப் பொட்டு வைப்போம். கிளேஸ் இல்லாத மண்ணிலும், மயிரிழை வெடிப்பு விழுந்த கிளேஸிலும் அது உள்ளே இறங்கிவிடும். மஞ்சள் கறையாவது வெயிலில் மெல்ல வெளிறும், குங்குமச் சாயம் அவ்வளவு எளிதில் போகாது. பொட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் பானையின் கழுத்தில் ஒரு நூலைக் கட்டி, அதில் கோத்த வெற்றிலையில் வையுங்கள். காமாட்சி விளக்குக்கும் கற்பூரத் தட்டுக்கும் பக்கத்தில் வைத்தால் எண்ணெய்ப் புகையும் கரியும் சேர்ந்து பிசுக்காகப் படியும். பெயின்ட் பூசிய பாண்டத்தில் அந்தப் பிசுக்கை எடுக்க வழியே இல்லை. சாமி அலமாரியிலிருந்து தள்ளி வைப்பதுதான் ஒரே மருந்து.

சாப்பாட்டு விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். பழைய பாண்டங்களின் கிளேஸில் ஈயமும், பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் காட்மியமும் இருக்கலாம். புளிப்பு அவற்றைக் கரைக்கும். எலுமிச்சை ஊறுகாய், மாங்காய் அச்சார், ரசம், தயிர், புளிக்குழம்பு எதையும் அதில் வைக்காதீர்கள், ஒரு ராத்திரிக்குக்கூட. உணவுக்குப் பயன்படுத்தலாம் என்று செய்தவரே சொன்னால் மட்டும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். பூ வைக்க வேண்டுமென்றால் உள்ளே ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி அதில் தண்ணீர் ஊற்றுங்கள். சுடுமண் ஜாடியில் நேரடியாக ஊற்றினால் அடியில் கசிந்து மேசையும் கெடும்.

உடைந்தால், ஊருக்கு அனுப்பினால்

உடைந்த உடனே சூப்பர் குளூவை எடுக்காதீர்கள். துளித் துண்டுகூட விடாமல் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக டிஷ்யூவில் சுற்றி ஒரு டப்பாவில் போடுங்கள். பொருந்துகிறதா என்று திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்த்தால் உடைந்த விளிம்பு தேய்ந்து, கடைசியில் பொருந்தாமலே போகும். விலைமதிப்புள்ள பொருளென்றால் அருங்காட்சியகத்திலோ ஏல நிறுவனத்திலோ பழுதுபார்ப்பவரை விசாரியுங்கள். அவர்கள் பாரலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துவார்கள். பின்னால் தேவைப்பட்டால் அதைக் கரைத்துப் பிரித்துவிடலாம். எபாக்சி போட்டு ஒட்டியதைப் பிரிப்பது பெரும்பாடு.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் கிச்சன் டவல் தாள் வையுங்கள். ஷோகேஸ் கதவைக் குழந்தைகள் இழுத்து மூடும் வீடென்றால், பாண்டம் நகராமல் பிடித்து வைக்கும் மியூசியம் வாக்ஸ் என்ற மெழுகு, அடியில் ஒரு பட்டாணி அளவு போதும்.

சென்னைக்கோ வேறெங்கோ அனுப்புவதாக இருந்தால், செய்தித்தாளை நேராகப் பாண்டத்தில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். முதலில் வெள்ளை டிஷ்யூ, அதன்மேல் குமிழ் பிளாஸ்டிக். உள்ளேயும் டிஷ்யூவை லேசாக நிரப்புங்கள், அடைக்காதீர்கள். மூடியைத் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, நாலு பக்கமும் மேலும் கீழும் இடைவெளியை நிரப்பி ஒட்டுங்கள். ஒட்டும் முன் ஒருமுறை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.